மூன்று லட்சம் வெள்ளிக் காடி: காசு முகத்துக்கா, உள்ளே இருப்பதற்கா?

#1 · பங்சார் பிஸ்டன்

சொகுசுக் காடிகளின் (கார்களின்) கிரில், அதாவது முன்முகக் கம்பிச் சட்டம், பற்றிய சண்டை ஐந்தாறு இழைகளில் சிதறிக் கிடக்கிறது. இனி இங்கேயே வைத்துக்கொள்வோம். என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன்காரர்கள் வாங்குகிறவனுக்காகக் காடி வரைவதை விட்டு ரொம்ப நாளாச்சு. முன்னால் போகிறவனின் கண்ணாடியில் எப்படித் தெரியும் என்று பார்த்துத்தான் வரைகிறார்கள்.

2019-ல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸுக்கு முகம் மாற்றியபோது கிரில் சுமார் 40% பெரிதானது. 2020-ல் ஜி22 4 சீரிஸ், நெட்டுக்குத்தாக இரண்டு முன்பல். 2022-ல் எக்ஸ்எம், அந்தப் பல்லைச் சுற்றி விளக்கு வேறு. பென்ஸ் நேர் எதிரே போய் மின்காடி இ.கியூ.எஸ்-ஐக் காற்றுக்காக வழித்து எடுத்தது. இழுவைக் கெழு 0.20, பொறியாளர் வேலையாகப் பார்த்தால் பெரிய காரியம். ஆனால் ஃபெடரல் ஹைவேயில் மூன்று லேன் தள்ளிப் போனால் எந்தக் கம்பெனி என்று சொல்ல முடியாது, தேய்ந்த சோப்புக்கட்டி. எஸ் கிளாஸ் அப்படியா? பின்விளக்கு தெரிந்தாலே போதும்.

லெக்ஸஸ் தக்களி வடிவக் கிரிலைப் பத்து வருஷத்துக்கு மேல் விடாமல் பிடித்திருக்கிறது. ஆரம்பத்தில் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை.

மூன்று லட்சம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். எதை வாங்கலாம், ஏன்? "பிடிக்கும்" என்பது காரணம் ஆகாது.

#2 · தஞ்சோங் பெரியவர்

தம்பி, இந்த ஒப்பாரி புதிதல்ல. 2001-ல் இ65 7 சீரிஸ் வந்தபோது பி.எம்.டபிள்யூ வடிவமைப்புத் தலைவர் கிறிஸ் பேங்கிளை வேலையிலிருந்து தூக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடந்தது. பூட் மூடியை வேறு காடியிலிருந்து எடுத்து மேலே வைத்த மாதிரி இருக்கிறதாம். அந்தத் தலைமுறை நன்றாகவே விற்றது. அந்த உயர்ந்த பூட் வடிவத்தை அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

கிரில் ஏன் பெரிதாகிறது என்று கேட்டால், யாருக்கு அதிகம் விற்கிறார்கள் என்று பாருங்கள். பென்ஸுக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் உலகிலேயே பெரிய ஒற்றைச் சந்தை சீனா. அங்கே முதலாளி பின்சீட்டில் உட்காருகிறார். அதனால்தான் இ கிளாஸுக்கும் 5 சீரிஸுக்கும் சீனாவில் நீட்டிய உடம்பு. முகமும் அந்தக் கணக்கில்தான் வரையப்படுகிறது. நம் ஊர்க் கூலிமிலும் பெக்கானிலும் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறார்களே தவிர வரைவதில்லை. வேறு ஊருக்குத் தைத்த சட்டையை நாம் போட்டுப் பார்த்து, தோள் சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறோம்.

முகம் ஒன்றும் இல்லாமல் நல்ல காடி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோக்ஸ்வேகன் ஃபேட்டன் இருக்கிறது. 2002-ல் வந்தது, டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் வைத்த தொழிற்சாலையில் பூட்டினார்கள், டபிள்யூ12 எஞ்சின் வரை கிடைத்தது. அதே அடித்தளத்தில் பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி. செய்தார்கள், அது பறந்தது. ஃபேட்டன் அதே கம்பெனியின் சாதா பஸாட்டுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. 2016-ல் மூட்டை கட்டினார்கள். எலும்பு ஒன்று, விதி இரண்டு.

#3 · பிறை போமன்

கிரில்ல அழகு பாக்குறீங்க. அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நான் சொல்றேன்.

டிஸ்ட்ரானிக் (முன்னாடி போற காடியை ரேடார்ல பாத்து தானா வேகத்தைக் குறைக்கிறது) இருக்கிற பென்ஸ்ல நடு நட்சத்திரம் தட்டையா, கண்ணாடி மாதிரி மூடி இருக்கும். அது அலங்காரம் இல்ல, ரேடார் அலை அது வழியாத்தான் போகுது. டபிள்யூ205 (முந்தைய சி கிளாஸ்) வச்சிருக்கவங்க கடையில 300, 400 வெள்ளிக்கு நெட்டுக்கம்பி கிரில் வாங்கி மாட்டுறாங்க. அதுல நட்சத்திரம் ஓட்டை விட்டு இருக்கும், இல்லன்னா குரோம் பூசின தடி பிளாஸ்டிக். மாட்டின அன்னிக்கே டேஷ்போர்டுல எச்சரிக்கை வரும். சில காடியில உடனே வராது, மழையில வரும். அதான் ஆபத்து, வேலை செய்யுதுன்னு நம்பிடுவாங்க.

பம்பரைக் கழட்டி மாட்டினாலும் இதே கதைதான். ரேடார் பிராக்கெட் ஒரு டிகிரி திரும்பினா 100 மீட்டர் தூரத்துல ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் பாக்கும். அதாவது பக்கத்து லேன் காடியைப் பாத்து பிரேக் போடும். சரி பண்ற வரிசை: முதல்ல டயர் காத்து, அப்புறம் வீல் அலைன்மென்ட், பூட்ல இருக்கிற மூட்டையெல்லாம் இறக்கிடணும், தரை மட்டமா இருக்கணும், அதுக்கப்புறம்தான் கேலிபிரேஷன். அலைன்மென்ட் பண்ணாம ரேடாரை மட்டும் சரி பண்ணிக் குடுக்கிறவன்கிட்ட காசு குடுக்காதீங்க லா.

#4 · செந்தூல் கணக்கக்கா

முகத்தைப் பற்றி மூன்று பேர் பேசியாச்சு, விலை எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் தொடவில்லை.

வெளிநாட்டில் முழுதாகப் பூட்டி இறக்கும் காடிக்கு இறக்குமதி வரி 30% வரை, எக்சைஸ் (கலால் வரி) 60% முதல் 105% வரை, அதன் மேல் 10% விற்பனை வரி. வரிக்கு மேல் வரி, கூட்டல் இல்லை பெருக்கல். ஒரு லட்சத்தில் இறங்கும் பொருளுக்கு 30%, 75%, 10% என்று வைத்துப் பாருங்கள்: 130,000, பிறகு 227,500, பிறகு 250,250. இன்னும் கடைக்காரர் லாபம் சேர்க்கவில்லை.

அதனால்தான் இங்கே பூட்டுகிறார்கள். பென்ஸ் பெக்கானில், பி.எம்.டபிள்யூ கூலிம் இனோகோம் ஆலையில், வால்வோ 1960களிலிருந்தே ஷா ஆலமில். 2022-ல் போர்ஷ கெயென் கூலிமுக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷ பூட்டிய முதல் இடம் அதுதான். இங்கே பூட்டினால் இறக்குமதி வரிச் சுமை குறையும், எக்சைஸிலும் உள்ளூர் மதிப்புக்குக் கழிவு உண்டு. ஆடியும் லெக்ஸஸும் முழுதாக இறங்குகின்றன. ஒரே அளவு காடிக்கு ஆடி விலை ஏன் இடிக்கிறது, உள்ளே சாமான் ஏன் குறைகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வடிவமைப்பாளரைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து ரோட் டேக்ஸ். தீபகற்பத்தில் தனியார் சலூன் காடிக்கு:

1,496 சிசி (இப்போதைய சி 200): 90 வெள்ளி.
1,998 சிசி (520ஐ): 280 + 198 × 0.50 = 379 வெள்ளி.
2,999 சிசி: 880 + 499 × 2.50 = 2,127.50 வெள்ளி.
3,982 சிசி (பழைய சி 63 வி8): 2,130 + 982 × 4.50 = 6,549 வெள்ளி.

எஸ்.யு.வி.க்கு வேறு அட்டவணை: சின்ன எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதல், பெரிய எஞ்சினுக்குக் குறைவு. ஒரே எஞ்சின் ஜி.எல்.சி.யில் இருந்தால் ஒரு தொகை, சி கிளாஸில் இருந்தால் இன்னொரு தொகை.

#5 · பங்சார் பிஸ்டன்

அக்கா சி 63-ஐ இழுத்ததால் கேட்கிறேன். புது சி 63-ல் 1,991 சிசி நாலு சிலிண்டர், மின்மோட்டாரோடு சேர்ந்து 680 குதிரை, 1,020 நியூட்டன் மீட்டர். இங்கே ரோட் டேக்ஸ் 375.50 தான். பழைய வி8-ஐ விட வருஷத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல் மிச்சம். அப்புறம் ஏன் உலகம் முழுக்க அதைக் கரித்துக் கொட்டுகிறார்கள்?

#6 · தஞ்சோங் பெரியவர்

சி 63 மாதிரி ஏ.எம்.ஜி. (பென்ஸின் வேகக் காடி) வாங்குகிறவன் ரோட் டேக்ஸ் மிச்சம் பிடிக்கவா போகிறான்? அவன் காசு கொடுப்பது காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் அதிர்வதற்கு. எடையும் இரண்டு டன்னைத் தாண்டிவிட்டது. தாளில் எல்லாம் கூடியது, வாங்கியவன் எதற்காக வந்தானோ அது மட்டும் போனது.

#7 · லெக்ஸஸ்லிங்கம்

ஜெர்மனைப் பற்றியே பேசிக்கொண்டிருங்கள். 1989-ல் லெக்ஸஸ் எல்.எஸ் 400 வந்தபோது இதே ஜெர்மன்காரர்கள் வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஓடும் எஞ்சினுக்கு மேல் ஷாம்பேன் கிளாஸை அடுக்கி விளம்பரம் எடுத்த காடி. அன்றைக்கு லெக்ஸஸ் ஒன்றும் புதிதாக வரையவில்லை, பார்த்தால் பென்ஸ் சாயல்தான். ஆனால் கதவு மூடும் சத்தம், பெயின்ட், பத்து வருஷம் கழித்து சுவிட்ச் வேலை செய்வது, இவற்றில்தான் அடித்தார்கள்.

லெக்ஸஸ் இ.எஸ்-ஐ, டொயோட்டா கேம்ரிக்கு சென்ட் அடித்தது என்று கிண்டல் செய்வார்கள். ஆமாம், அதே டி.என்.ஜி.ஏ-கே அடித்தளம். அதனால்தான் முன் சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்தால் கேம்ரி சாமான் தெரிந்த எந்தக் கடையிலும் வேலை நடக்கும். அது குறையா?

இன்னொன்று. இந்த ஊரில் உண்மையான சொகுசுக் காடி எது? டத்தோ பட்டம் வாங்கியவர் இறங்கும் காடியைப் பாருங்கள். பாதிக்கு மேல் டொயோட்டாவின் வேன் மாதிரிக் காடிகளான அல்ஃபார்ட், வெல்ஃபயர். மூன்று முனை நட்சத்திரமும் இல்லை, பின்சக்கர இழுவையும் இல்லை. நகரும் கதவு, கால் நீட்டும் சீட், ஐஸ் போல ஏர்கான். லெக்ஸஸே அதைப் பார்த்து எல்.எம். செய்தது. மலேசிய வாங்குபவன் விளம்பரத்துக்கு முன்னாலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான்.

#8 · பிறை போமன்

லிங்கம் அண்ணே, அல்ஃபார்டுன்னு சொன்னா ரீகாண்ட் (வெளிநாட்டுல ஓடி இங்க இறங்குற பழைய காடி) பேச்சு வந்துடும், சொல்லிடறேன்.

ஜப்பான் ரீகாண்ட் பென்ஸ், லெக்ஸஸ், அல்ஃபார்ட் எதுவா இருந்தாலும் முதல்ல ஏலத்தாள் (அங்க ஏலத்துல காடி நிலையை எழுதிக் குடுக்கிற தாள்) கேளுங்க. கிரேடு 4.5, 5 நல்லது. ஆர், ஆர்ஏன்னு போட்டிருந்தா அடிபட்டு ரிப்பேர் பண்ணது. தாள்ல இருக்கிற சாசி நம்பர் காடியில இருக்கிற நம்பரோட ஒத்துப்போகணும், மீட்டரும் தாளும் ஒத்துப்போகணும். "தாள் தொலைஞ்சு போச்சு"ன்னு சொன்னா நீங்களும் தொலைஞ்சு போயிடுங்க.

ரேடியோவைப் போட்டுப் பாருங்க. ஜப்பான்ல எஃப்எம் 76-லிருந்து 95 வரைக்கும்தான். நமக்கு 88-லிருந்து 108. கே.எல்.ல மின்னல் 96.3, ராகா 99.3, ரெண்டும் அந்த ரேடியோவுக்கு எட்டாது. பேண்ட் எக்ஸ்பேண்டர்னு சின்ன டப்பா மாட்டுவாங்க, அது அலைவரிசையைக் கீழ இறக்கிக் குடுக்கும். திரையில நம்பர் தப்பாக் காட்டும், பாட்டு வரும். மெனு முழுக்க ஜப்பான் எழுத்து, மொழி மாத்த தனிக் காசு. இங்க இருக்கிற அதிகாரபூர்வ விற்பனையாளர் உத்தரவாதம் இதுக்குக் கிடையாது, அதை மறந்துட்டு விலையை மட்டும் ஒப்பிடாதீங்க.

யு.கே. ரீகாண்ட்னா காடியைத் தூக்கிப் பாக்காம வாங்கவே கூடாது. அங்க பனிக்கு ரோட்டுல உப்பு போடுவான். மேல பளபளன்னு இருக்கும், சப்ஃப்ரேம் போல்ட், பிரேக் பைப் இணைப்பு எல்லாம் துருப்பிடிச்சு இருக்கும். போல்ட் தலை முறிஞ்சா அரை மணி வேலை அரை நாள் ஆகும்.

#9 · மின்னல் செராஸ்

2023 ஜூலையில் டெஸ்லா மாடல் ஒய் 199,000 வெள்ளிக்கு வந்தபோதே இந்த விவாதம் செத்துவிட்டது, நீங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு சீன மின்காடிகள் டென்சா டி9, ஸீக்கர் 009, எக்ஸ்பெங் எக்ஸ்9 என்று வரிசையாக அல்ஃபார்டின் காலடியிலேயே வந்து நிற்கின்றன. சத்தமில்லாமல் ஓடுவதற்கு ஜெர்மன்காரன் நூறு வருஷம் உழைத்தான். மோட்டார் அதை முதல் நாளிலேயே கொடுத்துவிட்டது. இனி எதை வைத்து மூன்று லட்சம் கேட்பான்?

#10 · செந்தூல் கணக்கக்கா

தம்பி, அந்த விலைக்குப் பின்னால் வரிவிலக்கு இருந்தது. முழுதாக இறங்கும் மின்காடிக்கான இறக்குமதி, எக்சைஸ் விலக்கு 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான். இங்கே பூட்டுவதற்கு 2027 கடைசி வரை. ரோட் டேக்ஸும் 2026-லிருந்து கிலோவாட் கணக்கில் கட்ட வேண்டும். வரி உயர்ந்தால் ஏற்கெனவே வாங்கியவனின் செகண்ட் ஹேண்ட் விலை கொஞ்சம் தாங்கும். கம்பெனியே புதுக் காடி விலையைக் குறைத்தால் அன்றைக்கே விழும். சொகுசு பிராண்டுகள் விலையைக் குறைக்காமல் பிடிவாதமாக இருப்பதன் ரகசியம் இதுதான். புதுக் காடியை விற்கும்போதே பழைய காடியின் மதிப்பையும் விற்கிறார்கள்.

#11 · பிறை போமன்

மின்னல் தம்பிக்கு ஒரு குறிப்பு. கெந்திங் மலை மேல போய் 100% சார்ஜ் பண்ணிட்டு கீழ இறங்காதீங்க. பேட்டரி நிறைஞ்சிருந்தா ரீஜென் கரண்டை (இறங்கும்போது மோட்டார் திரும்ப உண்டாக்குறது) போட இடம் இல்ல, மோட்டார் பிரேக் பிடிக்காது. ரெண்டரை டன் எடையையும் சாதா பிரேக்தான் தாங்கணும். 80% போதும், இறங்கும்போது அதுவே ஏறும்.

#12 · பங்சார் பிஸ்டன்

அக்கா, அந்த "பழைய காடியின் மதிப்பு" கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்களேன். இங்கே பாதிப் பேர் மாசத் தவணையைப் பார்த்துத்தான் பிராண்டே முடிவு செய்கிறார்கள்.

#13 · செந்தூல் கணக்கக்கா

சரி. காடி 300,000. முன்பணம் 10%. கடன் 270,000, ஃபிளாட் வட்டி (கடன் குறைந்தாலும் முதல் தொகைக்கே வட்டி) 2.5%, 9 ஆண்டு.

வட்டி: 270,000 × 2.5% × 9 = 60,750.
மாதத் தவணை: 330,750 ÷ 108 = 3,062.50.

பார்க்க நன்றாக இருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் விற்க நினைக்கிறீர்கள். அதுவரை கட்டியது 110,250. ரூல் ஆஃப் 78 முறையில் (ஆரம்ப மாதங்களிலேயே அதிக வட்டியைப் பிடிக்கும் கணக்கு) போட்ட ஒப்பந்தம் என்றால், மிச்சம் 72 மாதத்துக்கான வட்டித் தள்ளுபடி இப்படி வரும்: 72 × 73 ÷ 2 = 2,628; மொத்தம் 108 × 109 ÷ 2 = 5,886. 60,750-ஐ 2,628-ஆல் பெருக்கி 5,886-ஆல் வகுத்தால் 27,124. காலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது, வட்டியில் பாதிக்கு மேல் போய்விட்டது. அடைக்க வேண்டியது 220,500 − 27,124 = 193,376.

அதாவது மூன்று வயதான உங்கள் காடிக்குச் சந்தை 193,000-க்கு மேல் தர வேண்டும். அதற்குக் கீழே போனால் விற்பதற்கே கையிலிருந்து போட வேண்டும். இந்த ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அதே மாடல் மூன்று வயதில் இன்றைக்கு என்ன விலைக்கு ஓடுகிறது என்று பாருங்கள். கிரில் யார் வரைந்தார் என்பதைவிட அது நிறையச் சொல்லும்.

காப்புறுதியில் ஒரு விஷயம்: மார்க்கெட் மதிப்பா, ஒப்புக்கொண்ட மதிப்பா என்று கேட்டு வாங்குங்கள். வேகமாக விலை இறங்கும் காடிக்கு ஒப்புக்கொண்ட மதிப்புதான் சரி. கண்ணாடிக்குத் தனிச் சேர்ப்புக் காப்புறுதி எடுக்காமல் இருக்காதீர்கள். ஹெட்அப் டிஸ்பிளே, கேமரா, சத்தத் தடுப்புப் படலம் எல்லாம் சேர்ந்த முன்கண்ணாடி 6,000 வெள்ளி என்று வைத்தால் சேர்ப்புக் கட்டணம் வழக்கமாக 15%, அதாவது 900. கல் அடித்து உடைந்தால் அதில் கேட்கலாம், உங்கள் 55% என்.சி.டி. (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) தொடப்படாது. வெள்ளச் சேர்ப்பையும் விடாதீர்கள். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை முங்கிய காடிகளை எல்லோரும் பார்த்தோம்.

#14 · தஞ்சோங் பெரியவர்

மதிப்பைக் காப்பது என்று அக்கா சொன்னதைக் கம்பெனிகள் பாடம் படித்தது ரொம்பக் காசு செலவழித்து. 1980களில் காடிலாக், மலிவான செவர்லே கவாலியேருக்குத் தோல் சீட் போட்டு சிமரோன் என்று விற்றது. வாங்கியவன் ஒரு தடவை ஏமாந்தான், பெயர் பல வருஷம் எழவில்லை. ஆஸ்டன் மார்ட்டின் 2011-ல் குட்டி டொயோட்டா ஐக்யூவுக்குத் தன் முகத்தை ஒட்டி சிக்னெட் என்றது. பென்ஸின் மேபாக் 2002-ல் தனிக் கடை போட்டது. 57, 62 என்ற பெயர்கள் காடியின் நீளம்தான், டெசிமீட்டரில். பத்து ஆண்டில் மூடி, பிறகு எஸ் கிளாஸின் மேல்படியாக மெர்சிடிஸ்-மேபாக் என்று திரும்ப வந்தது, இப்போது ஓடுகிறது.

2022-ல் பென்ஸ், சின்னக் காடிகளின் உடல்வகைகளை ஏழிலிருந்து நாலாகக் குறைக்கிறோம், மேல்தட்டில் கவனம் என்றது. சின்னக் காடியில் வந்தவன்தான் நாளைக்கு இ கிளாஸுக்கு ஏறுவான். ஏணியின் கீழ்ப்படியை அறுத்துவிட்டு மேலே ஆள் வரவில்லையே என்று பார்ப்பது என்ன வியாபாரமோ.

ஆடி கதை சிரிப்பு. இரட்டை எண் மின்காடி, ஒற்றை எண் எஞ்சின் காடி என்று ஏ4-ஐ ஏ5 ஆக்கினார்கள். 2025 பிப்ரவரியில் அந்த விதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஜாகுவார் 2024 நவம்பரில் எழுத்து முதல் எல்லாவற்றையும் மாற்றி, டிசம்பரில் மயாமியில் டைப் 00 காட்டியது. வடிவம் எனக்குப் பிடித்திருக்கிறது, சொன்னால் அடிக்க வருவீர்கள். நீளமான மூக்கு, பின்கண்ணாடியே கிடையாது. துணிச்சல்தான். ஆனால் ஷோரூமில் வைக்கக் காடி இல்லாத நேரத்தில் அறிவித்தார்கள். வால்வோ 2030-க்குள் முழுக்க மின்சாரம் என்று 2021-ல் சொன்னதை 2024 செப்டம்பரில் தளர்த்திக்கொண்டது. சந்தைத் திட்டம் ஐந்து வருஷத்துக்கு, காடி வரைய நாலு வருஷம். முடிவதற்குள் திட்டம் மாறிவிடுகிறது.

#15 · மின்னல் செராஸ்

ஜாகுவாரை ஆதரிக்கிற முதல் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் ஐயா.

#16 · பிறை போமன்

எல்லாம் சரி. நம்ம வெயிலுக்கு எது எப்படிக் கிழவனாகுதுன்னு யாரும் சொல்லல. ஐரோப்பாக்காரன் டிசைன் பண்றப்போ 34 டிகிரியில வெட்டவெளியில தினமும் நிக்கும்னு பெருசா நினைக்கிறது இல்ல.

சீலிங் துணி தொங்கறது: துணிக்கும் பலகைக்கும் நடுவுல 3 மில்லி பஞ்சு. வெப்பமும் ஈரமும் சேர்ந்து அது மாவாப் போயிடும். கம் ஸ்பிரே அடிச்சு ஒட்டுவாங்க, ரெண்டு மாசத்துல திரும்பத் தொங்கும், ஏன்னா கம் மாவுலதான் ஒட்டுது. பலகையை இறக்கி, பழைய பஞ்சை பிரஷ்ஷால முழுக்கச் சுரண்டி, பஞ்சு வச்ச புதுத் துணி ஒட்டணும். ஏர்பேக் கர்ட்டன் இருக்கிற காடியில தூண் பிளாஸ்டிக் கிளிப்பைப் பழசையே மாட்டக் கூடாது.

பிசுபிசுப்பு பட்டன்: ரப்பர் மாதிரி பூச்சு கரையறது. ஐசோபுரோபில் ஆல்கஹால், மென்மையான துணி, மெதுவாத் தேச்சா கீழ கெட்டி பிளாஸ்டிக் வரும். எழுத்து அச்சு மேல அழுத்தித் தேய்க்காதீங்க, எழுத்தும் போயிடும்.

இசட்.எஃப் 8 கியர் ஆட்டோ பெட்டி: பி.எம்.டபிள்யூ "ஆயுசுக்கும் எண்ணெய் மாத்த வேணாம்"னு சொல்லும். பெட்டியைச் செஞ்ச இசட்.எஃப்பே 80,000-லிருந்து 120,000 கி.மீ.க்குள்ள மாத்தச் சொல்றான். அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதுக்குள்ளயே இருக்கு, அதனால தட்டையே மாத்தணும். 13 போல்ட், டி40 பிட், 10 நியூட்டன் மீட்டர்தான், குறுக்குக் குறுக்கா முடுக்கணும். இங்க நிறையப் பேர் தப்புப் பண்றது மட்டம் பாக்குறதுல. எஞ்சின் ஓடணும், ஆர்-லயும் டி-லயும் சில நொடி போட்டு பி-க்கு வரணும், எண்ணெய் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள்ள இருக்கணும், அப்போ நிரப்புற ஓட்டையில சொட்டு சொட்டா வழியணும். காடி ஓட்டிட்டு வந்த உடனே 80 டிகிரியில நிரப்பினா எண்ணெய் விரிஞ்சு நிக்கும், ஆறினதும் குறைவா இருக்கும். மறுநாள் காலையில ரிவர்ஸ் போட்டா இடிக்கும். உடனே பெட்டி போச்சுன்னு பழைய சாமான் விக்கிற ஹாஃப்கட் கடைக்கு ஓடுவாங்க.

பேட்டரி: ஏ.ஜி.எம். வகை போட்டிருந்தா ஏ.ஜி.எம்.தான் போடணும், மாத்தினதும் கம்ப்யூட்டர்ல பதியணும். பதியலன்னா பழைய பேட்டரின்னு நினைச்சு அதிகமா சார்ஜ் பண்ணி புதுசையும் சீக்கிரம் சாகடிக்கும்.

#17 · பட்டர்வொர்த் வாலிபன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்கா. மூன்று லட்சம் இல்லை, எண்பது ஆயிரம்தான். பழைய ஹைபிரிட் பென்ஸ் சி350இ நிறைய வருது, பி.எம்.டபிள்யூ 330இ-யும் வருது. புதுசுல 289,888-க்கும் 248,800-க்கும் வித்த காடிங்க. ரெண்டுல எது?

#18 · செந்தூல் கணக்கக்கா

அவை அந்த விலைக்கு வந்ததே ஹைபிரிட் சலுகையால்தான். சலுகைக் காலத்தில் குவிந்த காடிகள் உத்தரவாதம் முடிந்ததும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. பேட்டரி பயத்தால் விலை விழுந்தது. எண்பதாயிரம் என்பது காடி விலை மட்டும். பதினைந்தாயிரம் தனியாக ஒதுக்க முடியவில்லை என்றால் இரண்டையுமே விடுங்கள்.

#19 · பிறை போமன்

தம்பி, ரெண்டுக்கும் ரெண்டு விதமான வியாதி.

சி350இ-ல 6.2 கிலோவாட் மணி பேட்டரி, எஞ்சின் எம்274, அதோட ஏர்மேட்டிக் சஸ்பென்ஷன், ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. பாக்கப் போறப்போ டேப் கொண்டு போங்க. சாயங்காலம் நாலு சக்கரத்துக்கும் சக்கர நடுவுலேர்ந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதுங்க, ராத்திரி விட்டு காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி திரும்ப அளங்க. ஒரு மூலை மட்டும் 10 மில்லிக்கு மேல இறங்கி இருந்தா அந்தக் காத்துப் பை கசியுது. சோப்புத் தண்ணியை ரப்பர் மடிப்புல அடிச்சா குமிழி காட்டிக் குடுக்கும். கசிவை விட்டுட்டு ஓட்டினா கம்ப்ரஸர் ஓயாம ஓடி சாகும், கம்ப்ரஸர் மாத்தினா ரிலேயையும் சேத்து மாத்தணும். ரிலே ஒட்டிக்கிட்டா காடி நின்னப்புறமும் ஓடி புதுசையும் எரிச்சிடும்.

அடுத்து கேம் மேக்னெட். எஞ்சின் முன்னாடி ரெண்டு இருக்கும். பிளக்கைக் கழட்டி பின்னுல எண்ணெய் இருக்கான்னு பாருங்க. எண்ணெய் வயருக்குள்ளயே திரி மாதிரி ஏறி கம்ப்யூட்டர் வரைக்கும் போகும். மேக்னெட்டை மாத்தி, நடுவுல ஒரு குட்டி வயர் மாட்டிட்டா எண்ணெய் அந்தக் குட்டி வயரோட நின்னுடும். நூறு வெள்ளி சாமான் ஆயிரக்கணக்குல இருக்கிறதைக் காப்பாத்தும்.

330இ-ல ஸ்பிரிங்தான், அந்தத் தலைவலி இல்ல. 7.6 கிலோவாட் மணி பேட்டரி, அதைக் குளிர வைக்கிறது ஏர்கான் கேஸ். அதனால ஏர்கான் லேசாக் குளிர் கம்மின்னா அது சுகம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்ல, பேட்டரி சூடாகுதுன்னு அர்த்தம். கேஸ் அடிச்சு அனுப்பாம எங்க கசியுதுன்னு தேடணும். பி48 எஞ்சின்ல தண்ணி போற பிளாஸ்டிக் இணைப்புங்க வெப்பத்துல நொறுங்கும், கூலன்ட் தொட்டி குறையுதான்னு பாருங்க.

ரெண்டுலயும் முழு சார்ஜ் போட்டு, மின்சாரத்துல மட்டும் எத்தனை கி.மீ. ஓடுதுன்னு பட்டர்வொர்த்லேர்ந்து பினாங்குப் பாலம் தாண்டி ஓட்டிப் பாருங்க. பாலம் 13.5 கி.மீ., மேடு பள்ளம் அதிகம் இல்ல. பாலம் முடியறதுக்குள்ள எஞ்சின் எழுந்துட்டா அந்த பேட்டரியை வேணாம்னு சொல்லிடுங்க.

என்னைக் கேட்டா 330இ.

#20 · பங்சார் பிஸ்டன்

அழகிலும் எஃப்30 (அந்த 330இ-யின் தலைமுறை) தான். அந்தக் கிரில் அளவில் நிறுத்தியிருக்கலாம்.

#21 · பட்டர்வொர்த் வாலிபன்

நன்றி அண்ணே. பாத்த 330இ-ல சன்ரூஃப் இருக்கு, பயணி பக்கம் கார்பெட் லேசா ஈரம். விக்கிறவர் ஏர்கான் தண்ணின்னு சொல்றார்.

#22 · பிறை போமன்

ரெண்டாவும் இருக்கலாம், பிரிச்சுப் பாத்துடலாம். மழை இல்லாத நாள்ல ஏர்கானை அரை மணி ஓட்டுங்க, காடிக்கு அடியில சொட்டுதான்னு பாருங்க. சொட்டலன்னா ஏர்கான் குழாய் அடைச்சு உள்ள வடியுது, சின்ன வேலை.

அடியில நல்லா சொட்டுதுன்னா சன்ரூஃபைத் திறந்து, மூலையில இருக்கிற சின்ன ஓட்டையில 100 மில்லி தண்ணியை மெதுவா ஊத்துங்க. சில நொடியில முன்சக்கரத்துக்குப் பின்னாடி வடியணும். ஓட்டையில தண்ணி நின்னா இலைத்தூள் அடைச்சிருக்கு. 2 மில்லி புல்வெட்டி நைலான் நூலை மெதுவா விட்டு எடுங்க. கம்ப்ரஸர் காத்தை ஓங்கி அடிக்காதீங்க, குழாய் உள்ள கழண்டுக்கும், அப்புறம் சீலிங்கை இறக்கணும்.

எதுவா இருந்தாலும் கார்பெட்டைத் தூக்கிப் பாக்காம முன்பணம் குடுக்காதீங்க. அடியில பஞ்சு நனைஞ்சிருந்தா அங்க போற கனெக்டர்ல பச்சையாப் பூத்திருக்கா, சீட் தண்டவாளத்து போல்ட்ல துரு இருக்கான்னு பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. மண் கோடு தெரிஞ்சா அது சன்ரூஃபும் இல்ல, ஏர்கானும் இல்ல, வெள்ளக் காடி.

#23 · பட்டர்வொர்த் வாலிபன்

சனிக்கிழமை போறேன். டேப், தண்ணி பாட்டில் ரெண்டும் எடுத்துக்கிறேன்.